இப்போதைக்கு யூட்டில்ஸில் போடு

புதிதாக ஒன்றும் எழுத வராத நாட்களில் நான் பழைய ப்ரோகிராமை ஒழுங்குபடுத்துவேன். ஃபைல்களை ஃபோல்டர்களுக்குள் நகர்த்துவேன். ஃபோல்டர்களுக்குப் புதுப் பெயர் சூட்டுவேன். மாலையில் பார்த்தால் ஏகப்பட்ட வேலை நடந்த மாதிரியே இருக்கும். காலையில் ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராம்தான் ஓடாது.

இந்தத் தொழிலில் இதற்கு மாடுலரைஸ் செய்வது என்று கௌரவமான பெயர் உண்டு. பெரிய ப்ரோகிராமைச் சின்னச் சின்ன மாட்யூல்களாகப் பிரித்து, ஒன்றின் குடுமி இன்னொன்றின் கையில் சிக்காமல் வைக்க வேண்டும். பிரிப்பதில் நான் கெட்டிக்காரன். குடுமி எங்கே இருக்கிறது என்று மட்டும் பார்ப்பதில்லை.

பழியைக் கல்லூரி மேல் போடலாமா என்று யோசித்தேன். எங்களுக்கு லேபில் வாய்த்தது டர்போ சி ப்ளஸ் ப்ளஸ். நீலத் திரை, 1990களின் தொடக்கத்துச் சரக்கு. நேம்ஸ்பேஸ் என்ற வசதியோடு சி ப்ளஸ் ப்ளஸ்ஸின் முதல் ஸ்டாண்டர்ட் வந்தது 1998-ல். ஆகவே அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் நான் முதல் வகுப்பில் தேறினேன். தெரிந்திருந்தாலும் தேறியிருப்பேன், ரெக்கார்ட் நோட்டில் என் கையெழுத்து அழகாக இருக்கும்.

வேலைக்குப் போன இடத்தில் ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் ‘யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி’ என்று ஒரு வரி இருந்தது. எதற்கு என்று கேட்கவில்லை. எல்லோரும் போட்டிருந்தார்கள், நானும் போட்டேன். பிறகு ‘கவுண்ட்’ என்று ஒரு வேரியபிள் வைத்தேன். எந்த கவுண்டைச் சொல்கிறாய் என்று கம்பைலர் எகிறியது. எஸ்டிடிக்குள் ஏற்கெனவே ஒரு கவுண்ட் குடியிருக்கிறதாம். நான் என்னுடையதை ‘மை கவுண்ட்’ என்று மாற்றினேன். அடுத்த தகராறில் ‘மை கவுண்ட் டூ’. பல ஆண்டுகள் இதைத்தான் டிசைன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நேம்ஸ்பேஸ் ஒன்றும் பிரம்மவித்தை இல்லை. நம்மூர் இனிஷியல்தான். வகுப்பில் மூன்று குமார் இருந்தால் வாத்தியார் ஆர். குமார், எஸ். குமார், கே. குமார் என்று கூப்பிடுவார். அடி சரியான குமாருக்கு விழும். நான் செய்தது, இனிஷியலைப் பிடுங்கிவிட்டு மூவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து, “குமார், எழுந்திரு” என்று கத்தியது. சி ப்ளஸ் ப்ளஸ்ஸாவது “எந்தக் குமார்?” என்று கேட்டது. பைத்தான் கேட்காது. கடைசியாக வகுப்புக்குள் வந்த குமாரை எழுப்பிவிட்டுப் போய்விடும்.

இந்தப் பைத்தானில்தான் ஈரோட்டு ஜவுளிக்கடை ஒன்றுக்கு பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். பில்லுக்கு ஒரு ஃபைல், ஸ்டாக்குக்கு ஒரு ஃபைல். இரண்டிலும் ‘டோட்டல்’ என்று ஒரு ஃபங்ஷன். ஒன்று அன்றைய விற்பனையைக் கூட்டும். இன்னொன்று குடோனில் இருக்கும் சரக்கின் மதிப்பைக் கூட்டும். வேண்டியதை மட்டும் பெயர் சொல்லி வாங்கச் சோம்பல்பட்டு, இரண்டு ஃபைல்களுக்கும் நட்சத்திரக் குறி போட்டு ‘எல்லாம் வரட்டும்’ என்று இம்போர்ட் செய்தேன். எல்லாம் வந்தன.

அன்றிரவு கடை சாத்தும்போது எடுத்த ரிப்போர்ட்டில் விற்பனை 61 லட்சம். முதலாளி போன் செய்தார். “ஏனுங்க தம்பி, காலைல இருந்து மழைங்க. கடைக்கு நாலு பேரு வந்திருந்தா அதிகமுங்க.” சர்வர் பிரச்சினை என்று சொன்னேன். அந்தக் கடையில் சர்வரே கிடையாது.

பைத்தானில் ‘இம்போர்ட் திஸ்’ என்று அடித்தால் டிம் பீட்டர்ஸ் எழுதிய 19 வாசகங்கள் திரையில் வரும். கடைசி வாசகம் நேம்ஸ்பேஸைத்தான் கொண்டாடுகிறது, இன்னும் நிறைய வைத்துக்கொள்வோம் என்கிறது. நான் கடைசிவரை போகவில்லை. முதல் வாசகம் அழகைப் பற்றி இருந்தது. உடனே எடிட்டரின் கலர் தீமை மாற்றப் போய்விட்டேன்.

அடுத்து ஆடி மாதம் வந்தது. ஆடித் தள்ளுபடி எந்தத் தேதியில் தொடங்கும், தீபாவளி ஆஃபர் என்றைக்கு முடியும் என்ற விவரங்களை வைக்க ஒரு தனி ஃபைல் செய்தேன். பெயர்ப் பொருத்தம் பார்த்து ‘காலண்டர்’ என்று வைத்தேன். நான் வைத்த பெயர்களிலேயே அர்த்தமுள்ள ஒரே பெயர் அதுதான். அன்று முதல் பில்லில் தேதி படிக்கும் இடம் செத்துப்போனது.

விண்டோஸ் அப்டேட்டைச் சந்தேகப்பட்டேன். ஆன்டி வைரஸைக் கழற்றினேன். பைத்தானையே அழித்துவிட்டு மறுபடி ஏற்றினேன். கடைசியில் ஒரு நண்பன் போனிலேயே கேட்டான்: “மச்சி, புதுசா ஏதாவது ஃபைல் வெச்சியா? பேரு என்ன?” சொன்னேன். அவன் சிரித்து முடிக்கும்வரை கால் பேலன்ஸ் என்னுடையது.

விஷயம் இதுதான். ஒரு மாட்யூலைக் கேட்டால் பைத்தான் பெரும்பாலும் முதலில் நம் ப்ரோகிராம் இருக்கும் ஃபோல்டரில்தான் தேடும். அங்கே கிடைத்துவிட்டால் தன் சொந்த வீட்டுச் சரக்கைத் தேடிப் போகாது. பைத்தானோடு சேர்ந்து வரும் நூலகத்தில் ஏற்கெனவே ஒரு ‘காலண்டர்’ மாட்யூல் உண்டு. எழுத்தில் இருக்கும் தேதியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பகுதி, கிழமைப் பெயர்களுக்கு அதைத்தான் நம்பியிருக்கிறது. கிழமை கேட்டு வந்த பைத்தானுக்கு என் ஃபைல் ஆடித் தள்ளுபடியைக் காட்டியது.

‘ரேண்டம்’, ‘ஈமெயில்’ என்று பெயர் வைத்தாலும் இதே கதிதான். 2024 அக்டோபரில் வந்த பைத்தான் 3.13-ல் இதற்கென்றே ஒரு எச்சரிக்கையைச் சேர்த்துவிட்டார்கள்: உன் ஃபைலும் எங்கள் மாட்யூலும் ஒரே பெயரில் இருக்கின்றன, உன்னுடையதை மாற்றுவது பற்றி யோசி என்று எர்ரர் செய்தியிலேயே பதவிசாகச் சொல்கிறது. உலகம் முழுக்க என் ஜாதிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று தெரிந்தபோது நெஞ்சு நிறைந்தது. ஃபைலின் பெயரை ‘காலண்டர்1’ என்று மாற்றினேன்.

இனி யூட்டில்ஸுக்கு வருவோம். உங்களில் ப்ரோகிராம் எழுதுபவர்களுக்கு இந்தப் பெயரைக் கேட்டதுமே வயிற்றில் ஏதோ செய்யும். எங்கே வைப்பது என்று தெரியாததையெல்லாம் வைக்கும் ஃபைல் அது. சிலர் ‘ஹெல்பர்ஸ்’ என்பார்கள், சிலர் ‘காமன்’ என்பார்கள். என் யூட்டில்ஸில் ரூபாயை எழுத்தால் எழுதும் ஃபங்ஷன் இருந்தது, போன் நம்பருக்குப் பத்து இலக்கம் இருக்கிறதா என்று பார்க்கும் ஃபங்ஷன் இருந்தது, பார்கோடு படிப்பது இருந்தது, கல்லாப்பெட்டியைத் திறப்பது இருந்தது. இவற்றுக்குள் ஒரே ஒற்றுமை, எல்லாமே எனக்குத் தூக்கம் வந்த நேரத்தில் எழுதப்பட்டவை.

அந்தக் கல்லாப்பெட்டியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது பில் ப்ரிண்டரோடு ஒயரில் இணைந்திருக்கும். ப்ரிண்டருக்கு ஒரு சின்னக் கட்டளை அனுப்பினால் ‘டிங்’ என்று திறந்துகொள்ளும். நான் எழுதிய ஃபங்ஷன் அதைத் திறக்கிறதா என்று சோதிக்க, யூட்டில்ஸ் ஃபைலின் கடைசி வரியில் அதை ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தேன். திறந்தது. அந்தச் சந்தோஷத்தில் வரியை அழிக்க மறந்துவிட்டேன்.

பைத்தானில் ஒரு ஃபைலை இம்போர்ட் செய்தால், அதற்குள் எந்த ஃபங்ஷனுக்கும் சொந்தமில்லாமல் கிடக்கும் வரிகள் எல்லாம் அங்கேயே, அப்போதே ஓடும். வேண்டாமென்றால் ‘நேரடியாக ஓட்டப்படுவது இந்த ஃபைல்தானா’ என்று கேட்கும் ஓர் இஃப் வரியைப் போட்டு அதற்குள் வைக்க வேண்டும். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகளோடு அந்த வரி பார்க்கவே மிரட்டும். மிரண்டு, போடாமல் விட்டிருந்தேன்.

ஆக, யூட்டில்ஸை இம்போர்ட் செய்யும் எந்த ப்ரோகிராமை ஓட்டினாலும் கல்லா திறக்கும். யூட்டில்ஸை இம்போர்ட் செய்யாத ப்ரோகிராம் அந்தக் கடையில் இல்லை. அக்கவுண்டன்ட் சம்பளப் பட்டியல் எடுத்தார், கல்லா திறந்தது. குடோன் பையன் ஸ்டாக் பார்த்தான், கல்லா திறந்தது. இரவு 11 மணிக்குத் தானாக ஓடும்படி ஒரு பேக்கப் ப்ரோகிராம் வைத்திருந்தேன். பூட்டிய கடைக்குள், இருட்டில், கல்லா திறந்தது.

முதலாளி காலையில் ஷட்டரைத் தூக்கினால் கல்லா வாயைப் பிளந்துகொண்டிருக்கும். உள்ளே பணம் பைசா குறையாமல் இருக்கும். மறுநாளும் அப்படியே. வாட்ச்மேனை விசாரித்தார்கள், பாவம். முதலாளி எனக்கே போன் செய்து யோசனை கேட்டார். “திருடன் உள்ள வந்து எண்ணிப் பாத்துட்டு, இதுக்கா வந்தோம்னு அப்படியே வெச்சுட்டுப் போயிட்டானுங்களா தம்பி?” வாய்ப்பு இருக்கிறது என்று சொன்னேன்.

கேமரா மாட்டினார்கள். அதில் பதிவானது, சரியாகப் பதினொன்று அடித்ததும் ஆளில்லாத கடையில் தானாகத் திறக்கும் கல்லா. அந்த வீடியோ எனக்கும் வாட்ஸாப்பில் வந்தது. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. அன்றே வரியை அழித்துவிட்டேன். அன்று அமாவாசை என்று முதலாளி கடை வாசலில் பூசணிக்காய் உடைத்திருந்தார். மறுநாள் முதல் கல்லா திறக்கவில்லை. பேர் பூசணிக்காய்க்குப் போனது. நான் போட்டிக்குப் போகவில்லை.

அதற்குப் பிறகு யூட்டில்ஸைப் பிரித்தே தீருவது என்று உட்கார்ந்தேன். பில் போட்டால் ஸ்டாக் குறைய வேண்டும். அதனால் பில் மாட்யூல் ஸ்டாக் மாட்யூலைக் கூப்பிட்டது. திரும்பி வந்த சட்டை எந்த பில்லுடையது என்று ஸ்டாக்குக்குத் தெரிய வேண்டும். அதனால் ஸ்டாக் பில்லைக் கூப்பிட்டது. நீ முதலில் வா, நீ முதலில் வா என்று இரண்டும் வாசலிலேயே நின்றுவிட்டன. பாதி தயாரான மாட்யூலிலிருந்து இம்போர்ட் செய்யப் பார்க்கிறாய் என்று பைத்தான் கோபித்துக்கொண்டது. இம்போர்ட் வரியைத் தூக்கி ஒரு ஃபங்ஷனுக்குள் ஒளித்துவைத்தேன், ஓடியது. கோ மொழியில் இப்படி வட்டம் போட்டால் கம்பைலே ஆகாது என்றார்கள். அதனால் நான் கோ கற்றுக்கொள்ளவில்லை.

உண்மையான அடி வரியிலிருந்து வந்தது. 2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வந்தபோது ஆயிரம் ரூபாய் வரை விலையுள்ள தைத்த ஆடைக்கு 5 சதவீதம், அதற்கு மேல் 12. என் ப்ரோகிராம் மூன்று ஃபோல்டர்களாக இருந்தது: இன்புட், ப்ராசஸ், அவுட்புட். இன்புட்டில் 5 என்று எழுதியிருந்தேன். ப்ராசஸிலும் 5. பில் அச்சடிக்கும் அவுட்புட்டில் மத்திய வரிக்குப் பாதி, மாநில வரிக்குப் பாதி என்று இரண்டு 2.5. அரசாங்கம் ஒருமுறை வரி போட்டால் மாற்றவே மாட்டாது என்று நம்பிய ஒரே இந்தியக் குடிமகன் நான்.

2022 ஜனவரி 1 முதல் ஆடைக்கு விலை எதுவானாலும் 12 சதவீதம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் முழுக்க 5-ஐத் தேடி அலைந்தேன். ஒரு கட்டத்தில் பொறுமை போய் ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ போட்டு எல்லா 5-ஐயும் 12 ஆக்கினேன். 15 சதவீதத் தள்ளுபடி 112 சதவீதம் ஆனது. சட்டை வாங்கினால் கடை பணம் தரும்.

அதையும் ஒவ்வொன்றாகச் சரிசெய்து முடித்தேன். டிசம்பர் 31 அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடி, துணிமணிக்கு உயர்வைத் தள்ளிவைத்துவிட்டது. ஜவுளித் தொழிலே பெருமூச்சு விட்டது. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இப்போது எந்த 12 பழைய 12, எந்த 12 புதிய 12?

ஒவ்வொரு மாற்றத்தையும் தலைப்போடு சேமித்துவைக்கும் கிட் வைத்துக்கொள்ளவில்லையா என்று கேட்பீர்கள். வைத்திருந்தேன். கடைசி கமிட்டின் தலைப்பு ‘ஃபைனல்’. அதற்கு முந்தையதும் ‘ஃபைனல்’.

அந்தப் புத்தாண்டுக்குப் பிறகுதான் படிக்கத் தொடங்கினேன். 1972-ல் டேவிட் பார்னாஸ் என்பவர் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். ஒரு ப்ரோகிராமை எந்த அடிப்படையில் மாட்யூல்களாகப் பிரிப்பது என்பதுதான் விஷயம். தலைப்புகளை அகரவரிசையில் அடுக்கித் தரும் ஒரு சின்ன ப்ரோகிராமை எடுத்துக்கொண்டு, இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டுகிறார். முதலாவது, எல்லோரும் செய்வது: உள்ளே வாங்கு, மாற்று, அடுக்கு, அச்சடி என்று வேலை நடக்கும் வரிசைப்படி. அப்படிப் பிரித்தால், தகவலைச் சேமிக்கும் விதம் ஒன்று மாறினாலும் எல்லா மாட்யூலையும் கிண்ட வேண்டும் என்கிறார். மாறக்கூடிய முடிவு எது என்று பார்த்து, அதை ஒரு மாட்யூலுக்குள் வைத்து மற்றவற்றிடமிருந்து மறைத்துவிடு என்பது அவர் வழி. இன்புட், ப்ராசஸ், அவுட்புட். நான் பிறக்கும் முன்பே என் ஃபோல்டரைத் திறந்து பார்த்துத் திட்டியிருக்கிறார் மனிதர்.

அவருக்கும் நான்கு வருடம் முன்னால், 1968-ல், மெல்வின் கான்வே சொன்னது இன்னும் மோசம். ஒரு குழுவுக்குள் பேச்சுத்தொடர்பு எப்படி இருக்கிறதோ, அது கட்டும் சிஸ்டமும் அப்படியே இருக்கும் என்றார். என் குழுவில் நான் ஒருவன்தான். எனக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை அவ்வளவு சரியில்லை என்பது ப்ரோகிராமைப் பார்த்தாலே தெரியும்.

ஞானம் வந்தவனை நம்பக் கூடாது. படித்த வேகத்தில் எல்லாவற்றையும் எல்லாவற்றிடமிருந்தும் மறைத்தேன். ஃபங்ஷனுக்கு ஒரு ஃபைல். ஜாவாக்காரர்கள் தங்கள் இணைய முகவரியைத் தலைகீழாக எழுதி பேக்கேஜுக்குப் பெயர் வைப்பார்கள். இரண்டு கம்பெனிகளின் பெயர்கள் மோதக் கூடாது என்பதற்காக. அந்தத் தோரணை எனக்குப் பிடித்திருந்தது. கடைக்கு இணைய முகவரியே கிடையாது. இருந்தாலும் ‘காம்’ என்ற ஃபோல்டருக்குள் ‘ஈரோடு’, அதற்குள் ‘ஜவுளி’, அதற்குள் ‘கோர்’, அதற்குள் ‘பேஸ்’ என்று போய், அடியாழத்தில் மூன்று வரி ஃபைல் ஒன்று உட்கார்ந்திருக்கும். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழுப் பாதை வழக்கமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டுமாம். அந்த வரம்பு இருப்பதை அதைத் தாண்டித்தான் தெரிந்துகொண்டேன்.

2025 செப்டம்பர் 22-ல் வரி மறுபடி மாறியது. இம்முறை நான் தயார். ‘வரி’ என்று ஒரே மாட்யூல், விகிதங்கள் அதற்குள் மட்டும். 12 போய் 18. ஒரே வரி, ஒரே மாற்றம். முதலாளிக்கு நானே போன் செய்து, “முடிஞ்சதுங்க ஐயா” என்றேன். “அதுக்குள்ளயுங்களா!” என்றார். பார்னாஸுக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

விகிதம் மட்டும் மாறவில்லை. 5 சதவீதத்துக்கான விலை வரம்பும் ஆயிரத்திலிருந்து 2,500 ஆகிவிட்டது. விகிதம் மாறும் என்று யோசித்தவனுக்கு வரம்பு மாறும் என்று தோன்றவில்லை. ஆயிரம் என்ற எண் பில்லில் இருந்தது, பிரிண்டில் இருந்தது, யூட்டில்ஸில் இருந்தது. ‘ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ்’ பக்கம் விரல் போனது. பிடித்து இழுத்துக்கொண்டேன்.

அது முடிந்த வாரமே ஒரு சட்டை திரும்பி வந்தது. செப்டம்பர் 20-ல் வாங்கியது. விலை 1,800, வரி அப்போதைய 12 சதவீதப்படி 216 ரூபாய். திரும்பும் பொருளுக்குப் பழைய விகிதத்தில்தான் கிரெடிட் நோட் போட வேண்டும். என் வரி மாட்யூலுக்கு இன்றைய விகிதம் மட்டும்தான் தெரியும். 90 ரூபாய் என்றது. வாங்கியவர் ரிடையர்ட் கணக்கு வாத்தியார். மீதி 126 ரூபாயை முதலாளி கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு, “உங்க கணக்குல எழுதிக்கறனுங்க தம்பி” என்றார். எழுதிக்கொண்டார்.

இப்போது என்னிடம் உதவிக்கு ஒரு பையன் சேர்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம், சூட்டிகையானவன். “அண்ணா, பழைய தேதிக்கு என்ன வரின்னு பாக்குற ஃபங்ஷன எங்கண்ணா வைக்கிறது?” என்று கேட்டான். நல்ல கேள்வி என்றேன். பார்னாஸைச் சொன்னேன். கான்வேயைச் சொன்னேன். மாறக்கூடியது எது, மறைக்க வேண்டியது எது என்று போர்டில் கட்டம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

“சரிங்கண்ணா. எங்க வைக்கிறது?”

“இப்போதைக்கு யூட்டில்ஸ்ல போடு.”

நீங்கள் ஈரோட்டுப் பக்கம் ஜவுளி எடுக்கப் போனால், தயவுசெய்து பில்லை ஒருமுறை கையால் கூட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள்.